திரியம்பகம் போகிறோம் என்று சொல்லுங்கள்

நாசிக் திராட்சைத் தோட்டத்து ரிசார்ட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று நினைக்கும் மும்பைத் தமிழர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ரயில், எந்த அறை என்பதையல்ல. பக்கத்து வீட்டில் என்ன சொல்வது என்பதை. நல்லவேளையாக இதற்கு விடை நெடுங்காலமாகத் தயாராக இருக்கிறது: திரியம்பகம். ஜோதிர்லிங்கம் பன்னிரண்டில் ஒன்று. நாசிக்கிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். கோதாவரி பிறக்கும் பிரம்மகிரியின் அடிவாரம். மாட்டுங்காவில் இதற்குமேல் ஒரு கேள்வி வராது. "அப்படியே பஞ்சவடியும் சேவிச்சுட்டு வாங்கோ" என்று சொல்லி, தீர்த்தம் கொண்டுவர ஒரு காலி பாட்டிலை நீட்டுவார்கள். மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலோடு வீடு திரும்ப இதைவிட நல்ல காரணம் அமையாது.

செம்பூரில் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். சேடா நகர் முருகன் கோயில் படிக்கட்டில் வாயை விட்டால் "நாங்களும் வரோமே, ஒரு வேனாப் போட்டுடலாம்" என்று நாலு குடும்பம் கிளம்பிவிடும். தாராவியில் இன்னும் வேகம். தொண்ணூறடி ரோட்டில் ஒரு அண்ணாச்சி காதில் விழுந்தால் போதும். சாயங்காலத்துக்குள் டெம்போ டிராவலர் பேசி, ஆளுக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதியும் முடித்திருப்பார்.

சொன்னது பொய்யும் ஆகாது. பிரம்மகிரியில் பிறக்கிற கோதாவரி திரியம்பகத்தைத் தாண்டி கங்காபூர் அணையில் தேங்குகிறது. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றித்தான் பெயர்பெற்ற ஒயின் தோட்டங்கள் சில இருக்கின்றன. அணையைத் தாண்டிய ஆறு ஊருக்குள் வந்து ராம்குண்டில் தீர்த்தமாகிறது. நீங்கள் சேவிக்கப் போவதும் சுவைக்கப் போவதும் ஒரே ஆற்றங்கரையில்தான். ஆனால் வரிசை மாறக்கூடாது. கோயில் முதல் நாள், தோட்டம் அதற்குப் பிறகு. காலசர்ப்ப சாந்திக்கு அதிகாலையில் சாஸ்திரிகளை ஏற்பாடு செய்துவிட்டு, முந்தின நாள் ராத்திரி மொட்டைமாடியில் ஷிராஸ் கிண்ணத்தோடு உட்கார்வது புதிதாக ஒரு தோஷத்தைத் தேடிக்கொள்வதாகும்; அதற்கான சாந்தி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

எப்போது போவது என்பதில் மட்டும் சமரசம் கூடாது. கொடியில் குலை தொங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் தை, மாசி. ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் நடக்கிற அறுவடை இங்கே ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நம் வெயிலில் கொடிக்குப் பனிக்காலத் தூக்கம் கிடையாது. அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து: அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் ஒன்று. பழம் வருவது இரண்டாவதற்குப் பிறகு. ஜூலையில் போனால் மழை உண்டு, கண்ணுக்கெட்டிய வரை பச்சை உண்டு, கசாரா மலையெங்கும் அருவி உண்டு. திராட்சை கிடையாது. "பழம் எங்கே?" என்று தோட்டக்காரரைக் கேட்டு மானத்தை வாங்காதீர்கள்.

ஐயப்ப பக்தர்களுக்கு இந்தக் காலண்டர் சொல்லிவைத்தாற்போல் பொருந்துகிறது. கார்த்திகை முதல் தேதி போட்ட மாலை மகரவிளக்கு முடிந்து இறங்குகிறது; இறங்கும்போது தோட்டத்தில் கூடையை எடுத்துவிட்டிருப்பார்கள். ஆனால் ஜனவரி 26-ஐ ஒட்டி வரும் நீண்ட வாரக் கடைசி நாட்களைப் பார்த்ததும் பாயாதீர்கள். மகாராஷ்டிரத்தில் அன்று டிரை டே. இரண்டு மாதம் முன்பே பணம் கட்டி, அறுவடைத் தோட்டத்து நடுவில் உட்கார்ந்து, ஃப்ரெஷ் லைம் சோடாவை ஒயின் கிண்ணத்தில் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் நம் ஊரில் உண்டு. ஆஷாட ஏகாதசியும் அப்படித்தான். அன்றைக்கு மாமா எப்படியும் உபவாசம், நஷ்டமில்லை.

மற்ற நாளிலும் சர்க்கார் உங்களை மறப்பதில்லை. 1949-ஆம் வருஷத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டப்படி இங்கே குடிப்பதற்கு பெர்மிட் வேண்டும்; ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய், ஆயுள் முழுக்க ஆயிரம் என்று நெடுநாளாகக் கட்டணம். மாட்டுங்கா கணக்குப்பிள்ளை மூளை உடனே வேலை செய்யும்: ஆயுள் பெர்மிட் எடுத்தால் இருநூறு நாள் குடித்தால்தான் முதல் திரும்பும். முதலைத் திரும்ப எடுக்கும் முயற்சியில் இறங்க வேண்டாம்.

போகும் இடத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது, வழியில் பேச உதவும். மகாராஷ்டிரத்தில் நவீன ஒயின் தொழில் நாசிக்கில் தொடங்கவில்லை. புனே பக்கம் நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே என்பவர் 1980-களிலேயே நுரைக்கும் ஒயின் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். நாசிக் அப்போது சாப்பிடும் திராட்சைக்குத்தான் பேர்போனது. அதை மாற்றிய ராஜீவ் சாமந்த் ஸ்டான்ஃபோர்டில் படித்து, கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு நாசிக்கில் குடும்ப நிலத்துக்குத் திரும்பி, 1997-இல் ஒயின் கொடி நட்டார். தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கித் தன் ஒயினுக்கு சூலா என்று வைத்தார். 2000-இல் முதல் பாட்டில், 2005-இல் சுவைத்துப் பார்க்கும் கூடம், 2010-இல் தங்கும் விடுதி. நம் வீட்டுப் பையன் ஒருத்தன் ஆரக்கிளை விட்டுவிட்டுத் திராட்சை நடப் போகிறேன் என்று வந்து நின்றிருந்தால், அவனுக்குத்தான் முதலில் திரியம்பகத்தில் சாந்தி செய்து வைத்திருப்போம்.

ரயிலில் போங்கள். காரில் போனால் திரும்பும்போது யார் ஓட்டுவது என்ற சண்டை தானே நடந்து வீட்டு நிம்மதியைக் கெடுக்கும். தாதரிலோ கல்யாணிலோ ஏறினால், கசாராவில் ரயிலுக்குப் பின்னால் இஞ்சின் சேர்த்து மலை மேல் தள்ளிக்கொண்டு போவார்கள். இகத்புரியில் வடாபாவ். இறங்குவது நாசிக் ரோடு ஸ்டேஷனில். ஊர் அங்கிருந்து இன்னும் தள்ளி, தோட்டங்கள் ஊருக்கும் மறுபக்கம். ஸ்டேஷன் வட்டாரத்தில்தான் 1928-லிருந்து ரூபாய் நோட்டு அச்சடிக்கிறார்கள். ரிசார்ட் பில்லைப் பார்க்கும்போது இந்தத் தகவல் மறுபடி நினைவுக்கு வரும்.

கட்டுச்சாதம் விஷயத்துக்கு வருவோம். வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று வரவேற்பறையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். மாமி அதைப் படித்துவிட்டு, அது மற்றவர்களுக்கு என்று எடுத்துக்கொள்வார். புளியோதரையை உள்ளே கொண்டுபோவது கஷ்டமில்லை, அதன் வாசனையை அறைக்குள்ளேயே வைத்திருப்பதுதான் கஷ்டம். ஆகவே தயிர்சாதம். வாசனை கிடையாது, கேட்டால் குழந்தைக்கு என்று சொல்லலாம், குழந்தை இருபத்தெட்டு வயசு ஐ.டி. வேலைக்காரனாக இருந்தாலும். ராத்திரிச் சாப்பாட்டில் விறகு அடுப்பில் சுட்ட பீட்சாவும் பலகையில் அடுக்கிய சீஸும் வரும். அந்தச் சீஸில் நீலப் பூஞ்சை படர்ந்த ஒரு துண்டு இருக்கும். "ஏன்னா, இது கெட்டுப்போயிருக்கு, மாத்திக் குடுக்கச் சொல்லுங்கோ" என்று குரல் எழும்பும் முன் அந்தத் துண்டை நீங்கள் சாப்பிட்டுவிடுவது குடும்ப கௌரவத்துக்கு நல்லது.

காலை பஃபேயில் இட்லி இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கிங்ஸ் சர்க்கிளில் வளர்ந்த நாக்கோ, தாராவியிலிருந்து விடிகாலையில் சைக்கிளில் கிளம்பும் இட்லிப் பாத்திரத்தின் பக்கத்திலேயே பிறந்த நாக்கோ, அந்த இட்லியிடம் நியாயமாக நடந்துகொள்ளாது. ஊருக்குள் போய் மிசல் பாவ் சாப்பிடுங்கள். நாசிக்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள், தர்ரி என்கிற அந்தச் சிவப்பு எண்ணெய்க் குழம்பு முந்தின நாள் மயக்கத்தையெல்லாம் ஒரே கரண்டியில் எடுத்துவிடும்.

இப்போது டேஸ்டிங். கூட்டமாக உங்களை முதலில் ஆலைக்குள் அழைத்துப் போவார்கள். ஆளுயரத்தைத் தாண்டிய எஃகுத் தொட்டிகள், சுற்றிலும் குளிர்நீர் ஓடும் உறை. புளிக்கிறபோது சூடு ஏறும், சூடு ஏறினால் மணம் போகும், அதனால் இந்த ஏற்பாடு என்பார் வழிகாட்டிப் பையன். பிறகு ஓக் மரப் பீப்பாய்கள் அடுக்கிய அரையிருட்டு அறை. பீப்பாய் ஒவ்வொன்றும் 225 லிட்டர் பிடிக்கும். அண்ணாச்சி ஒன்றை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தட்டட்டும், விடுங்கள்.

மேஜையில் கிண்ணங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஊற்றுவது இரண்டு மடக்கு. "இவ்வளவுதானா?" என்று கேட்கக்கூடாது. கிண்ணத்தின் தண்டைப் பிடிக்க வேண்டும், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். சுழற்ற வேண்டும். அதன் பிறகு மூக்கை உள்ளே விட வேண்டும். லட்சுமணன் சூர்ப்பணகையின் மூக்கை அறுத்த இடம் என்று பஞ்சவடியைக் காட்டுகிற ஊரில், மூக்கைப் பத்திரமில்லாத இடத்தில் நீட்டும் முன் யாருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும். நீட்டிவிடுங்கள்.

முதல் கிண்ணம் சோவின்யோன் பிளாங்காக இருக்கலாம். என்ன மணம் வருகிறது என்று பையன் ஆங்கிலத்தில் கேட்பான். பக்கத்து மேஜை பாந்த்ராக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாஷன் ஃப்ரூட், எல்டர் ஃப்ளவர் என்று வாழ்க்கையில் பார்க்காத பூவெல்லாம் சொல்வார்கள். மாமி மெதுவாக, "குடைமிளகாய் நறுக்கினாப்ல இருக்கு" என்பார். உடனே அவர் கையை அழுத்தி அடக்க வேண்டாம். அவர் சொல்வதுதான் சரி. பச்சைக் குடைமிளகாய்க்கு வாசனை தருகிற பைரசீன் வகைப் பொருள்தான் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. அடுத்து ஷிராஸ் வரும்போது "மிளகு ரசம்" என்பார். அதுவும் சரி. ரோட்டண்டோன் என்கிற பொருள்தான் அந்த மணத்துக்குக் காரணம் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் அஞ்சறைப்பெட்டி மிளகுக்கு அந்த மணத்தைத் தருவதும் அதுவேதான். ரசம் வைத்தே ஆயுளைக் கழித்த மூக்குக்கு முன்னால் ஆறு மாதப் பயிற்சி எடுத்த பையன் நிற்கிறான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சிவப்பு ஒயினின் டேனினை விளக்கும்போது பையன் திணறுவான். நாக்கு இழுக்கும், ஈறு காயும், ட்ரை, க்ரிப்பி என்று கையை ஆட்டுவான். இந்த இடத்தில் தாராவிக்காரரை முன்னே விடுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த இடம் அது. தொட்டிகள் இன்று ஊருக்கு வெளியே போய், பெல்ட்டும் பையும் விற்கும் கடைகள்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அப்பா காலத்து ஆவாரம்பட்டை ஊறலும் கடுக்காய்த் தண்ணியும் மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற பெரியவர் இன்னும் இருக்கிறார். தோலைப் பதமாக்குவது எந்தச் சரக்கோ, அதன் இனம்தான் இந்தக் கிண்ணத்துக்குள் உங்கள் நாக்கைப் பதமாக்கிக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு மடக்கு குடித்து, வாய்க்குள் சுழற்றி, "துவர்ப்புல்லா. கடுக்கா கொஞ்சம் கூடிப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்வார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னால் பத்திரிகையில் ஒயின் விமர்சனம் எழுதுகிறவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

மேஜை ஓரத்தில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். சுவைத்ததைத் துப்புவதற்கு. காசு கொடுத்து வாங்கியதைத் துப்பிய தமிழரை மாட்டுங்கா முதல் தாராவி வரை யாரும் பார்த்ததில்லை. நீங்களும் அந்தப் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள். கடைசிக் கிண்ணம் கொடியிலேயே கூடுதலாகப் பழுக்கவிட்டுப் பறித்த ஷெனின் பிளாங்காக இருந்தால் அது தித்திக்கும். குடும்பம் முழுக்க ஒரே குரலில் "இதுதான் நன்னாருக்கு" என்று சொல்வது அந்த ஒன்றைப் பற்றி மட்டும்தான். வழிகாட்டி ஒரு மாதிரி சிரிப்பான். சிரிக்கட்டும், தித்திப்பு பிடித்தது குற்றமில்லை. அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு சித்தப்பா, "என்ன இருந்தாலும் எங்க கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஈடாகுமா?" என்பார். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதிலிருந்து இந்த வாதத்தை எதிர்த்துப் பேச முடிவதில்லை.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சினன் ஒருவன் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வாட்ஸ்அப்பில் நீங்கள் படம் போட்ட அடுத்த நிமிஷம், "இதெல்லாம் என்னத்தான், ட்ரியருக்கு வந்து பாருங்க" என்று பதில் வரும். அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ட்ரியர், ஜெர்மனியின் மிகப் பழைய நகரம் நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிற ஊர். ரோமானியர் கட்டிய போர்ட்டா நிக்ரா என்ற கோட்டைவாசல் இன்னும் நிற்கிறது. ஊரைத் தாண்டினால் மோசல் ஆற்றங்கரைச் செங்குத்துச் சரிவில் ரீஸ்லிங் கொடி. அங்கே பல ஒயின் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கி விருந்தாளிகளைத் தங்க வைக்கின்றன. காலையில் உங்களுக்கு ரொட்டி எடுத்து வைப்பவரே கொடிக்குக் கவாத்தும் செய்பவராக இருப்பார். நாசிக்கில் பெரும்பாலும் இந்த நெருக்கம் கிடைக்காது. நீச்சல்குளம் கிடைக்கும், சனிக்கிழமை என்றால் காது கிழியப் பாட்டும் கிடைக்கும். தோட்டத்தில் கவாத்து செய்கிறவர் சைக்கிளில் தன் ஊருக்குப் போய்விட்டிருப்பார்.

ட்ரியர் கார்ல் மார்க்ஸ் 1818-இல் பிறந்த ஊரும்கூட. பத்திரிகைக்காரராக அவர் 1843-இல் எழுதியவற்றில் மோசல் திராட்சை விவசாயிகளின் வறுமையும் ஒரு விஷயம். நாசிக்கில் அவருக்கு வேலை இருந்திருக்கும். 2008-க்குப் பிறகு விற்பனை சரிந்து ஆலைகள் கொள்முதலை நிறுத்தியபோது, கடன் வாங்கி ஒயின் கொடி நட்ட பலர் அதைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடும் திராட்சைக்கே திரும்பினார்கள். வழிகாட்டி இதைச் சொல்லமாட்டான். டாக்ஸி ஓட்டுகிறவரிடம் கேளுங்கள், அநேகமாக அவருடைய பெரியப்பா தோட்டமே அதில் ஒன்றாக இருக்கும்.

மச்சினனுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமானால் வழி இருக்கிறது. மோசல் கரைக்குத் திராட்சை வளர்ப்பைக் கொண்டுபோன அதே ரோமானியர் நம் கரைக்குக் கப்பல் கப்பலாக ஒயின் அனுப்பினார்கள். அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ஜாடிகள் சாட்சி. ஜெர்மன்காரர்களுக்குக் கொடியைக் கொடுத்தவர்கள் நமக்கு ஜாடியை மட்டும் கொடுத்துவிட்டுப் பொன்னுக்கு மிளகு வாங்கிக்கொண்டு போனார்கள். புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊட்ட அருந்தி இனிது வாழ்க என்றுதான் வாழ்த்துகிறார். இந்தத் தகவலை மச்சினனுக்கு மட்டுமல்ல, விஷயம் வெளியே தெரிந்துபோய் ஊரிலிருந்து பெரியவர் யாராவது போன் போட்டாலும் பயன்படுத்தலாம். சங்க இலக்கியம் என்றதும் திட்டும் குரல் பாதியில் தாழும்.

திரும்பும்போது சாமான்கள் தனித்தனியாக இருக்கட்டும். ஒரு பையில் திரியம்பகத்து விபூதி, ராம்குண்டுத் தீர்த்தம், நாசிக் சிவ்டா, உலர்ந்த திராட்சை. இது வழங்குவதற்கு. இன்னொரு பையில் துணிக்கு நடுவே சுற்றிய பாட்டில்கள். இரண்டையும் ஒரே நிறப் பையில் போடாதீர்கள், மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்துக்குப் போகிற வழியில் மாமா அவசரத்தில் எதையாவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வீட்டுக்கு வந்த பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் பரிமாற வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது ஐரோப்பிய அறையைப் பற்றி. மே மாதத்துச் செம்பூர் மூன்றாம் மாடி ஃபிளாட்டை அந்தப் புத்தகம் எழுதியவர் பார்த்ததில்லை. பரணிலோ, பீரோவுக்குப் பின்னாலோ ஒளித்து வைத்தால் மழைக்காலம் வருவதற்குள் சூட்டில் மணமும் ருசியும் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில்தான் வையுங்கள். கார்க் போட்டதைப் படுக்க வைக்க வேண்டும்; திருகுமூடி போட்டதானால் நிமிர்த்தி வைத்தாலும் பழுதில்லை, கதவுத் தட்டில் நல்லெண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் சரியாக மறையும். குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுங்கள். திறந்தால் இரண்டு மூன்று நாளைக்குள் முடித்துவிட வேண்டும். முடிக்க ஆள் போதவில்லையென்றால் அந்த டெம்போ டிராவலர் கணக்கு நோட்டில் அண்ணாச்சியின் நம்பர் இருக்கிறது.